அப்பாவின் ஸ்கூட்டர்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் நம் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. ஆனால் அதே ராயபுரத்துச் சந்துகளில், திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலைத் தாண்டி எங்குமே போகாத தாய்மார்கள் எத்தனை பேர்!

மைசூரிலும் அப்படி ஓர் அம்மாள் இருந்தார். பெயர் சூடாரத்னம்மா. கூட்டுக் குடும்பம், பத்துப் பேருக்குச் சமைத்துப் போட்டே காலம் போயிற்று. 2015-ல் கணவர் காலமானார். அதன் பின் ஒரு நாள் பேச்சுவாக்கில், பக்கத்திலிருக்கும் பேளூர்க் கோயிலைக்கூடத் தாம் பார்த்ததில்லை என்று பிள்ளையிடம் சொன்னாராம்.

பிள்ளை கிருஷ்ணகுமாருக்குச் சுருக்கென்றது. வேலையை விட்டார். 2018 ஜனவரியில் அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். எதில் என்கிறீர்கள்? 2001-ல் அப்பா வாங்கித் தந்த பஜாஜ் சேத்தக் ஸ்கூட்டரில்! அப்பாவும் கூடவே வருகிறார் என்பது அவர் எண்ணம். இந்தியா போதாதென்று நேபாளம், பூடான், மியான்மார் வேறு. 2020-ல் ஊர் திரும்பியபோது 56,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருந்தது. எழுபதை எட்டிய இடுப்பு எப்படித்தான் தாங்கியதோ!

வேலையை விடு என்று எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்ல முடியுமா? எங்கள் அடுத்த வீட்டு அக்காவிடம் இதைச் சொன்னேன். போன வருஷம் கணவரைப் பறிகொடுத்தவள்.

"காசி கிடக்கட்டும். அவர் முப்பது வருஷம் எண்ணூருக்குச் சைக்கிள் மிதித்தாரே, அந்த ஆலை வாசலையே நான் பார்த்ததில்லை" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மகன்கள் இருவரும் அவளை எண்ணூருக்கு அழைத்துப் போனார்கள். வாசலைப் பார்த்தாள், முகத்துவாரத்தையும் பார்த்தாள். மறுநாள் காலையில் வந்து கேட்டாள்: "ஏம்மா, அந்தப் பேளூர் எந்தப் பக்கம்?"