மெஷினை அணைத்துவிட்டுக் கையை வையுங்கள்



கத்தியும் மண்வெட்டியும் நம் பாட்டன் காலத்திலிருந்து நமக்குப் பழகியவை. கை ஓங்கினால்தான் கத்தி வெட்டும். கை ஓய்ந்தால் அதுவும் ஓய்ந்துவிடும். இன்றைக்குச் செம்பனைக் காட்டில் நம் தோளில் தொங்கும் புல் வெட்டும் மெஷின் அந்த ரகமில்லை. நாம் களைத்துப் போனாலும், நம் மனது கடைக் கடனையோ பிள்ளையின் காய்ச்சலையோ நினைத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டாலும், அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். இந்த இதழில் அந்த மெஷினைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

அது என்ன வேகத்தில் சுற்றுகிறது தெரியுமா? 10 அங்குலத் தகடு நிமிடத்துக்கு 6,000 தடவை சுற்றினால் அதன் விளிம்பு மணிக்குச் சுமார் 287 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் காருக்கு அனுமதித்த உச்ச வேகமே 110 கிலோமீட்டர்தான். பல மெஷின்கள் 6,000 சுற்றையும் தாண்டும். இந்த வேகத்தில் ஒரு சரளைக் கல் தட்டுப்பட்டால் அது துப்பாக்கிக் குண்டு மாதிரி பறக்கும். கண் சிமிட்டுவதற்குள் கண்ணில் பாய்ந்துவிடும்.

ஆனால் கவனித்துப் பாருங்கள், புல்லை வெட்டிக்கொண்டிருக்கும்போது ஓரளவு எல்லோருமே கவனமாகத்தான் இருக்கிறோம். கையும் விரலும் போவது பெரும்பாலும் வேலைக்கு நடுவே வரும் சில்லறை வேலைகளில்தான். கொடி சுற்றிக்கொள்கிறது, லாலாங் புல் தகட்டுக்கு அடியில் அடைத்துக்கொள்கிறது, நைலான் கயிறு உள்ளே சிக்கிக்கொள்கிறது. விசையை விடுகிறோம். எஞ்சின் மெதுவாக உறுமுகிறது, தகடு நின்றுபோனது போலத் தெரிகிறது. "ரெண்டு நிமிஷ வேலைதானே, இதுக்குப் போயி அணைச்சு, மறுபடி கயித்த இழுத்துக்கிட்டு நிக்கணுமா?" என்று குனிந்து கையால் பிடுங்குகிறோம். தகடு நிற்கக் காரணமே அந்தக் கொடிதான். கொடி விலகியதும் பிடித்துவைத்தது போய்விடுகிறது. எஞ்சின் ஓடிக்கொண்டிருப்பதால் தகடு திரும்பவும் சுற்றலாம். குனியும்போது முழங்கை விசையில் பட்டாலோ கேட்கவே வேண்டாம்.

ஆகவே இதை மட்டும் கட்டாயப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். தகட்டுப் பக்கம் கை போக வேண்டுமானால் முதலில் எஞ்சினை அணைக்க வேண்டும். அணைத்த பிறகும் தகடு சில விநாடிகள் சுற்றும். அது முழுதாக நிற்கும்வரை கண்ணால் பார்த்திருக்க வேண்டும். பிறகு மெஷினைத் தரையில் கிடத்தி, ஒரு குச்சியால் தள்ளி எடுங்கள். தகட்டைக் கழற்றி மாட்டுவதாக இருந்தால் பிளக்கின் வயரையும் உருவிவிடுங்கள்.

தோழர்கள் ஏன் அணைப்பதில்லை என்பதும் நமக்குத் தெரியாததல்ல. சூடேறிய எஞ்சினை அணைத்தால் மறுபடி லேசில் பிடிக்காது. பத்துத் தடவை கயிற்றை இழுத்தால் தோள்பட்டை கழன்றுவிடும். ஏக்கர் கணக்கில் கூலி என்றால் நின்ற நேரமெல்லாம் நஷ்டம். இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லி ஆளை ஏசிப் பயனில்லை. அணைத்தால் திரும்பப் பிடிக்காத மெஷின் ஆபத்தான மெஷின். அதை வைத்திருப்பவன் அணைக்கவே மாட்டான். பிளக்கை மாற்றுவதும், கார்புரேட்டரைச் சுத்தம் செய்வதும், காற்று வடிகட்டியைக் கழுவுவதும் பெரிய செலவில்லை. காலையில் பெரட்டுக் களத்திலேயே மண்டோரிடம் சொல்லுங்கள்: "இது ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது, சரி பண்ணிக் குடுங்க." அதேபோல விசையை விட்டபின்னும் தகடு சுற்றிக்கொண்டே இருக்கிறதென்றால் அந்த மெஷினில் கோளாறு இருக்கிறது. சரிசெய்யாமல் அதைத் தோளில் மாட்டாதீர்கள்.

கவனம் தானாகக் குறைவதில்லை. அதைக் குறைக்கிற சாமான்கள் நம்மைச் சுற்றியே இருக்கின்றன. முதல் நாள் இரவு உள்ளே போன சம்சுவின் மப்பு விடிந்ததும் முழுக்கத் தெளிந்துவிடுவதில்லை. சளிக்கும் அரிப்புக்கும் கிளினிக்கில் கொடுக்கும் சின்ன மஞ்சள் மாத்திரையும் தூக்கத்தைக் கொண்டுவரும். இது பலருக்குத் தெரியாது. மாத்திரை வாங்கும்போதே, "நான் மெஷின் வேலை செய்யுறவன், இது தூக்கம் வருமா?" என்று கேளுங்கள். தூக்கம் வராத மாத்திரைகளும் உண்டு. வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நின்றால் தலை கனக்கும், கை தடுமாறும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் கால் மணி, இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு கோப்பைத் தண்ணீர் குடிப்பது நல்லது. சட்டைப் பையில் கைப்பேசி அடித்தால் ஒரு கையால் மெஷினைப் பிடித்தபடி மறு கையால் எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்ல!

இப்போது சாதனங்களுக்கு வருவோம். தகட்டுக்கு மேலே இருக்கும் பாதுகாப்பு மூடியைப் புல் அடைக்கிறது என்று பலர் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். கல்லை நம் காலுக்கும் முகத்துக்கும் வராமல் தடுப்பது அந்த மூடிதான். வெயில் கண்ணாடி கண்ணைக் காப்பாற்றாது; அடித்தால் உடையாத பாதுகாப்புக் கண்ணாடியும் முகத்துக்கு வலை மறைப்பும் வேண்டும். தோள் வாரைச் சரியாக மாட்டினால் மெஷினின் பாரம் இடுப்பில் இறங்கும், தகடும் காலுக்கு அருகே வராது. கையில் தூக்கிப் பிடித்து வெட்டுவது கூடவே கூடாது.

பெரும்பாலான மெஷின்களில் தகடு, மேலிருந்து பார்த்தால், கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றுகிறது. ஆகவே வலப்பக்கமிருந்து இடப்பக்கமாக வீச வேண்டும். வெட்டிய புல் ஏற்கெனவே வெட்டிய இடத்தில் விழும். தகட்டையே ஒரு கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். 12 மணியிலிருந்து 3 மணி வரை உள்ள பக்கம் கட்டையிலோ கல்லிலோ பட்டால் மெஷின் படாரென்று உங்களைத் தள்ளித் திரும்பும். மரத்தூரைச் சுற்றி வெட்டும்போது இந்தப் பக்கம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அருகில் ஆள் இருக்கக் கூடாத தூரம் 15 மீட்டர். காட்டில் யார் நாடா பிடித்து அளக்கப் போகிறார்கள்? செம்பனை நட்ட இடைவெளி சுமார் 9 மீட்டர். ஆக, "ரெண்டு மரத் தூரம்" என்று மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். உதிரிப்பழம் பொறுக்கும் பெண்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மெஷின் ஓட்டுபவரைக் கூப்பிட வேண்டுமானால் பின்னாலிருந்து முதுகைத் தொடாதீர்கள். காது அடைத்திருக்கும் மனிதர் திடுக்கிட்டுத் திரும்புவார், கூடவே தகடும் திரும்பும். தூரத்தில் நின்றபடி சுற்றிக்கொண்டு அவர் முன்னால் வந்து கையை ஆட்டுங்கள். அவர் எஞ்சினை நிறுத்திய பிறகு கிட்டே போங்கள்.

இன்னொன்றைக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நைலான் கயிறு சீக்கிரம் தேய்கிறது என்று அதற்குப் பதிலாகச் சங்கிலித் துண்டையோ இரும்புக் கம்பியையோ மாட்டுகிற பழக்கம் உண்டு. ஒரு கண்ணி அறுந்தால் அது எங்கே போகும், யார் மேல் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. இப்படிக் கண்ணி கண்ணியாகக் கோத்த இரும்புப் பாகங்களை இந்த மெஷின்களுக்கு விற்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2012-ல் தடைசெய்தது. காரணம், உயிரே போனது.

குலை வெட்ட மோட்டார் வைத்த "சந்தாஸ்" பிடிக்கும் தோழர்களுக்கு ஆபத்து மேலிருந்து வருகிறது. மட்டையும் குலையும் விழும் இடத்துக்கு நேர் கீழே நிற்காதீர்கள் என்பது நீங்கள் அறிந்ததுதான். மின்கம்பியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். அலுமினியக் கம்பத்திலும், கார்பன் நாரால் செய்த கம்பத்திலும் மின்சாரம் பாயும். சாதாரண நீளக் கம்பத்தில் அரிவாள் கட்டி அறுப்பவர்களுக்கும் இதே ஆபத்துதான். தோட்டத்து ஓரத்தில் கம்பி போகிற வரிசையைத் தொடுமுன் மண்டோரைக் கூப்பிட்டு, இங்கே எப்படி வெட்டுவது என்று கேட்டு முடிவு செய்யுங்கள். மின்சாரம் அடித்துக் கிடப்பவரை, கம்பம் இன்னும் கம்பியில் பட்டுக்கொண்டிருந்தால், ஓடிப்போய்த் தொடாதீர்கள். இருவர் போவார்கள்.

இரத்தம் தெரியாத காயங்களும் இருக்கின்றன. மலேசியாவில் 2019-ல் வந்த இரைச்சல் விதிகளின்படி 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. சத்தம் 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகக் குறையும். 94 டெசிபல் என்றால் 1 மணி நேரம்தான். நம் மெஷின்களின் சத்தம் காதருகே 90-ஐத் தாண்டுவது சாதாரணம். வீட்டில் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறாரா, கூப்பிட்டால் "ஆங்? ஆங்?" என்கிறாரா? தாய்மார்களே, முதலில் கண்டுபிடிப்பது நீங்கள்தான். போன செவி திரும்பாது. காதடைப்பானை இன்றே போடச் சொல்லுங்கள். வருடக்கணக்கில் அதிரும் மெஷினைப் பிடித்தவர்களுக்கு விரல் நுனி மரத்துப்போய், குளிர்ந்த நேரத்தில் வெளுத்துவிடுவதும் உண்டு. மெஷினை இறுக்கிப் பிடிக்காமல், ஆள் மாற்றி ஆள் வேலை செய்தால் இது குறையும். சிகரெட் இதை மோசமாக்கும்.

வீட்டுப் பக்கமும் ஒரு வார்த்தை. பெட்ரோலை மினரல் தண்ணீர் போத்தலில் ஊற்றி அடுப்படி மூலையில் வைக்காதீர்கள். பிள்ளை தண்ணீரென்று குடித்துவிடும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது; வாந்தியோடு பெட்ரோல் நுரையீரலுக்குள் போய்விடும். நேரே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

விபத்து நடந்துவிட்டால், காயத்தில் காப்பித் தூள், மஞ்சள், புகையிலை எதையும் அப்பாதீர்கள். சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்துங்கள். விரல் துண்டாகிவிட்டால் அதை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டி மேல் வைத்துக் கொண்டுபோக வேண்டும். பனிக்கட்டி விரலில் நேராகப் படக் கூடாது. கண்ணில் ஏதாவது குத்தி நின்றால் கசக்காதீர்கள், பிடுங்காதீர்கள்; ஒரு காகிதக் கோப்பையால் மூடிக்கொண்டு போங்கள். வேகமாகப் பறந்த இரும்புத் துணுக்கு அதிக வலியில்லாமலே கண்ணுக்குள் இறங்கியிருக்கும். "சரியாப் போச்சு" என்று படுத்துவிடாமல் அன்றே காட்ட வேண்டும். டாக்டரிடம், "மெஷின் வேலையில பறந்து வந்து பட்டுச்சு" என்று தெளிவாகச் சொன்னால்தான் அவர் அதைத் தேடிப் பார்ப்பார். ஆம்புலன்ஸுக்கு 999.

உரிமையையும் தெரிந்துகொள்ளுங்கள். 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி கண்ணாடி, காதடைப்பான் போன்றவற்றுக்குத் தொழிலாளியிடம் காசு பிடிக்கக் கூடாது. கொடுத்தால் போட்டுக்கொள்ள வேண்டியது நம் கடமை. அதுவும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. 2024 ஜூன் 1 முதல் இன்னொரு பாதுகாப்பும் சேர்ந்திருக்கிறது. உடனடி ஆபத்து என்று நியாயமாகக் கருதி முதலாளியிடம் சொல்லியும் அவர் ஒன்றும் செய்யவில்லையென்றால், தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகலாம்.

காயம் பட்டால் முதலாளி தமக்குத் தெரிந்த 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். விபத்து நாளையும் சேர்த்து 4 நாளுக்குக் குறையாமல் எம்.சி. கிடைத்தால், சொக்சோ கணக்கிடும் தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு தற்காலிக ஊனப் பணமாகக் கிடைக்கும். சொந்தமாகப் புல் வெட்டுக் காண்டிராக்ட் எடுத்துச் செய்பவர்களுக்கும் 2017-ஆம் ஆண்டுச் சுயதொழில் சட்டத்தின்படி சந்தா கட்டிச் சேர வழி உண்டு. பக்கத்து வரிசையில் வேலை செய்யும் இந்தோனேசியத் தோழருக்கும் வங்காளதேசத் தோழருக்கும் 2019 ஜனவரி முதல் வேலை விபத்துப் பாதுகாப்பு இருக்கிறது. அவர்களுக்கு இந்தப் பக்கத்தைப் படிக்கத் தெரியாது. தெரிந்த மலாயில் நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள்.

எவ்வளவு சிறிய காயமானாலும் அன்றைக்கே கிராணியிடம் பதிவு செய்யச் சொல்லுங்கள். மணி எத்தனை, எந்த பிளாக், என்ன மெஷின், பார்த்தவர் யார் என்பதைப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்திலாவது ஒரு தாளில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்துக் கேட்கும்போது யாருக்கும் ஞாபகம் இருக்காது.