சீட்டுக்கட்டு, கௌபாய், பாலை: பாகமேற்றலுக்கு ஒரு வழி

சென்ற தவணையில் படிவம் நான்கு வகுப்புக்கு ஒரு சீட்டுக்கட்டைக் கொண்டுபோனேன். கிள்ளானில், பள்ளி முடிந்த பிறகு நடக்கும் தமிழ் வகுப்பு. மொத்தம் பதினொரு பேர். கட்டைப் பிரித்து மேசையில் வைத்ததும் பத்துப் பேர் முன்னால் வந்துவிட்டார்கள். ஒரு பையன் மட்டும் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "எனக்கு வேணாம் டீச்சர். எங்க வீட்ல இத தொடக்கூடாது."

ஏன் என்று நான் கேட்கவில்லை. சம்பள நாளில் சீட்டில் போன பணத்தின் கதை நம் குடும்பங்களில் எத்தனையோ உண்டு. என் தாத்தா இருந்த தோட்டத்து லயத்திலும் உண்டு. கட்டை எடுத்துப் பைக்குள் போட்டுவிட்டு அன்று வழக்கமான பாடத்தையே நடத்தினேன்.

பிறகு ஏன் சீட்டைத் தேடிப் போனேன் என்று கேட்பீர்கள். பாகமேற்றல் நடவடிக்கை செய்து பார்த்த ஆசிரியர்களுக்குத் தெரியும்: நன்றாகப் பேசும் இரண்டு பேர் மட்டும் பேசுவார்கள், மற்றவர்கள் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். இந்தச் சிக்கலை மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதை சொல்லி ஆடும் பாகமேற்பு ஆட்டங்கள் வேறு விதமாகக் கையாள்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை பகடை உருட்டுபவை. கௌபாய் கதைகளைக் கொண்ட சில ஆட்டங்கள் மட்டும் சீட்டுக்கட்டைக் கையில் எடுத்தன. அவை எப்படி வேலை செய்கின்றன என்பதைத்தான் இங்கே விளக்கப் போகிறேன்.

1996-இல் ஷேன் லேசி ஹென்ஸ்லி உருவாக்கிய 'டெட்லேண்ட்ஸ்' இதில் பேர்போனது. பேய்களும் துப்பாக்கிக்காரர்களும் நடமாடும் அமெரிக்க மேற்கு அதன் களம். பாத்திரத்தை உருவாக்குவதே சீட்டு எடுத்துத்தான். பன்னிரண்டு சீட்டு எடுத்து, இரண்டைக் கழித்து, மீதிப் பத்தையும் பத்துக் குணங்களுக்குப் பங்கிட வேண்டும். ஒரு குணத்துக்கு எத்தனை முகப் பகடை என்பதைச் சீட்டின் மதிப்பும், எத்தனை பகடை என்பதை ஸ்பேட், ஹார்ட் போன்ற இனமும் முடிவு செய்யும். சண்டை வந்தால் யார் முந்துவது என்பதற்கும் சீட்டுத்தான். ஏஸ் தொடங்கி இரண்டு வரை நடத்துநர் இறங்கு வரிசையில் கூப்பிடுவார். சிவப்பு ஜோக்கர் வைத்திருப்பவர் எப்போது வேண்டுமானாலும் குறுக்கே புகலாம். கறுப்பு ஜோக்கர் வந்தால் கையில் இருக்கும் பெரிய சீட்டு போய்விடும். மந்திரம் போடுகிறவன் ஆவிகளோடு ஒரு கை போக்கர் ஆடுகிறான் என்பது கற்பனை. அதனால் ஐந்து சீட்டோ அதற்கு மேலோ எடுத்து, சேரும் கையின் பலத்தைப் பொறுத்து மந்திரம் பலிக்கும்.

பகடையில் இல்லாதது இதில் என்ன இருக்கிறது? முதலாவது, பகடைக்கு ஞாபகம் கிடையாது. ஆறு மூன்று முறை விழுந்தாலும் நான்காம் முறை விழும் வாய்ப்பு அதேதான். கட்டுக்கு ஞாபகம் உண்டு. 52 சீட்டில் முதல் சீட்டு ஏஸாக வர 13-இல் ஒரு வாய்ப்பு. பன்னிரண்டு சீட்டு போய் அதில் மூன்று ஏஸ் வந்துவிட்டால் அது 40-இல் ஒன்றாகச் சுருங்கிவிடும். எண்ணிக்கொண்டு வருகிறவனுக்கு மட்டும் அது தெரியும். இரண்டாவது, பகடை எல்லார் கண்முன்னாலும் விழுகிறது. சீட்டுக் கைக்குள் ஒளிந்திருக்கிறது, எதை எப்போது இறக்குவது என்று ஆடுகிறவர் யோசிக்கணும். மூன்றாவது, சேர்க்கை. ஐந்து சீட்டுக் கைகள் மொத்தம் 25,98,960. அவற்றில் பாதியில் ஒரு சோடிகூட இருக்காது. மூன்றும் இரண்டுமாகச் சேரும் கை ஏறக்குறைய 694-இல் ஒன்று. அதனால் பெரிய கை இறங்கினால் மேசையே அதிரும்.

ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது வேறொரு சின்ன விதி. மேட் ஸ்னைடர் 2002-இல் வெளியிட்ட 'டஸ்ட் டெவில்ஸ்' ஆட்டத்தில், நல்ல போக்கர் கை வைத்திருப்பவர் மோதலில் வெல்வார். ஆனால் நடந்ததைச் சொல்லும் உரிமை தனிச்சீட்டில் பெரியதை வைத்திருப்பவருக்கு! வென்றவர் ஒருவர், கதை சொல்பவர் இன்னொருவர். தோற்றவன் வாயிலிருந்தே தோல்வி கதையாக வரலாம். நம் வகுப்பில் பேசாத பிள்ளையைப் பேச வைக்க இதைவிட நல்ல விதி எனக்குத் தெரியவில்லை.

சரி, கௌபாய் கதை நமக்கு எதுக்கு என்று ஒரு சக ஆசிரியர் கேட்டார். அது நமக்கு அந்நியமில்லை. 1972-இல் ஜெய்சங்கர் 'கங்கா'வில் குதிரை ஏறினார். லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் தமிழ்தான் பேசினார், என் அண்ணன் கட்டுக் கட்டாகச் சேர்த்து வைத்திருந்தார். அதெல்லாம்கூட வேண்டாம். வறண்ட நிலம், வழிப்பறி, மாட்டு மந்தையைக் கவர்தல், மீட்கப் போனவன் சாவது: இதைக் கேட்டால் இலக்கியம் படிக்கும் மாணவருக்கு என்ன ஞாபகம் வரணும்? ஆநிரை கவர்தல் வெட்சி. மீட்டல் கரந்தை. தொல்காப்பியம் இரண்டையும் வெட்சிக்குள்ளேயே வைக்கிறது, புறப்பொருள் வெண்பாமாலை கரந்தையைத் தனித் திணையாக்குகிறது. (தேர்வில் பலர் குழம்பும் இடம் இது, குறித்துக்கொள்ளுங்கள்.) 2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழி எழுத்து நடுகல்லில் 'ஆகோள்' என்ற சொல்லே வெட்டப்பட்டிருக்கிறது.

ஆகவே மறுவாரம் கடைச் சீட்டு வேண்டாம் என்று முடிவு செய்து, மணிலா அட்டை வாங்கிப் போனேன். நான்கு இனத்துக்குக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல். ஒவ்வொன்றுக்கும் பதின்மூன்று அட்டை: ஒன்று முதல் பத்து வரை தமிழ் எண்கள், பிறகு ஏறுவரிசையில் தோழி, தலைவி, தலைவன். இரண்டு ஜோக்கரும் பாலை. பாலைக்கென்று தனி நிலம் இல்லை, முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்ததே பாலை என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. எந்த நிலத்திலும் வந்து நுழையும் ஜோக்கருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எங்கே கிடைக்கும்!

ஆட்டம் இப்படி. இரண்டு பேர் வெட்சி, இரண்டு பேர் கரந்தை. ஆளுக்கு ஐந்து அட்டை. ஆட்டத்துக்கு முன் என்ன பணயம் என்று சொல்லிவிட வேண்டும். பணம் அல்ல, கதையில் உள்ள ஒன்று: கன்று, நண்பன், ஊராரின் மதிப்பு. எல்லாரும் மூன்று அட்டையை ஒரே நேரத்தில் திருப்புவார்கள். மூன்றும் ஒரே எண் என்றால் பெரிது, அடுத்து மூன்றும் ஒரே நிலம், அதற்கடுத்து சோடி. எதுவும் சேராவிட்டால் அல்லது சமமானால் பெரிய எண். நால்வரில் நல்ல கை எந்த அணியில் இருக்கிறதோ அந்த அணி வெல்லும். தனி அட்டையில் பெரியதை இறக்கியவர் நான்கு வாக்கியத்தில் கதையை நகர்த்துவார், அந்த அட்டையின் நிலத்துக்குரிய பொழுதும் ஒரு கருப்பொருளும் அதில் வந்தாக வேண்டும். மருதம் என்றால் வைகறை, நெய்தல் என்றால் எற்பாடு. மனப்பாடம் செய்து மறந்துபோனவை இப்படி வாயில் நிற்கின்றன. பாலை எந்த அட்டைக்கும் ஈடாக நிற்கும், ஆனால் அதை இறக்கியவரின் அணி கதையில் எதையாவது இழந்தாக வேண்டும்.

மதிப்பெண் பட்டியல் போடாதீர்கள், மிட்டாய்கூட வேண்டாம். பெற்றோர்களுக்கு முன்கூட்டியே ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். நான் முதல் முறை அதைச் செய்யவில்லை. இன்னொன்று, எட்டுப் பேருக்கு மேல் ஒரே கட்டு போதாது. பதினொரு பேருக்கு இரண்டு கட்டு செய்தோம், முதல் நாள் முழுக்க வெட்டுவதிலேயே போனது.

அந்தப் பையன்தான் வெட்டும் வேலையை எடுத்துக்கொண்டான். நெய்தல் அட்டைகளில் கிள்ளான் துறைமுகத்துக் கப்பலையும் பாரந்தூக்கியையும் வரைந்தான், சுறாமீனை எங்கேயோ ஓரத்தில் வைத்தான். ஆட்டத்தில் அவன் கரந்தைப் பக்கம். அவன் அணி தோற்றது, ஆனால் நெய்தல் தலைவன் அவன் கையில்.

"தோத்தத நானே சொல்லணுமா டீச்சர்?"

"நீதான் சொல்லணும்."

நான்கு வாக்கியம் என்பதுதான் விதி. அவன் முடிக்கும்போது வேன்காரர் வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார், யாரும் எழுந்திருக்கவில்லை.