காதுக்குக் கேட்காத சத்தம் இரும்புக்குள் விரிசலைப் பிடிக்கிறது!
ரெயில் பாதை முதல் எண்ணெய் ஆலை வரை வேலை. 3 நாள் சான்றிதழை நம்பி ஏமாறக் கூடாது

அந்தக் காலத்தில் ரெயில் வந்து நின்றதும் நீளமான சுத்தியலோடு ஒருவர் வருவார். சக்கரம் சக்கரமாகத் தட்டிக் கொண்டே போவார். "டங்" என்று கணீரென ஒலித்தால் சக்கரம் நல்லது. சத்தம் பிசகினால் விரிசல்! பெட்டியில் தூங்கிய பயணிகள் பலருக்கு அது எதற்கென்றே தெரியாது.

இன்று அந்த வேலையைக் காதுக்குக் கேட்காத சத்தம் செய்கிறது. அதுதான் அல்ட்ராசோனிக் சோதனை. இதைக் கற்ற வாலிபர்களுக்குப் பல தொழில்களில் வேலை உண்டு.

எப்படிப் பிடிக்கிறார்கள்?

மனிதக் காது வினாடிக்கு 20 ஆயிரம் அதிர்வு வரைதான் கேட்கும். இந்தக் கருவி அனுப்புவதோ பெரும்பாலும் 20 லட்சம் முதல் 50 லட்சம் அதிர்வு.

"புரோப்" என்ற சிறு கருவியை இரும்பின் மேல் வைக்கிறார்கள். இடையில் காற்று இருந்தால் சத்தம் உள்ளே போகாது. அதனால் தண்ணீர், எண்ணெய் அல்லது கஞ்சி போன்ற பசையைத் தடவுகிறார்கள். உருக்குக்குள் வினாடிக்கு சுமார் 5,900 மீட்டர் வேகத்தில் ஓடும் சத்தம், அடியில் முட்டித் திரும்பும். நடுவில் விரிசல் இருந்தால் பாதியிலேயே திரும்பிவிடும். உடனே திரையில் கோடு எழும்பும். ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஸ்கேனும் இதே முறைதான்.

212 பேர் பலி

விரிசல் கண்ணில் படாவிட்டால் என்ன ஆகும்?

1998 நவம்பர் 26. பஞ்சாப் மாநிலம் கன்னா அருகே, விடியுமுன் தண்டவாளம் உடைந்தது. பிராண்டியர் மெயிலின் பெட்டிகள் சில தடம் புரண்டு பக்கத்துப் பாதையில் கிடந்தன. எதிரே வந்த சியால்டா எக்ஸ்பிரஸ் அவற்றின் மேல் மோதியது. 212 பேர் உயிர் இழந்தார்கள்.

குளிர் காலத்தில் இரும்பு சுருங்கும். உள்ளே விரிசல் இருந்தால் வாய் பிளக்கும். அதை முன்கூட்டியே பிடிக்கத்தான் ஊழியர்கள் சிறு வண்டியில் கருவியை வைத்து, தண்ணீர் சொட்ட விட்டு, தண்டவாளத்தின் மேல் தள்ளிக் கொண்டு நடக்கிறார்கள்.

எங்கெங்கே வேலை?

ரெயில்வே: தண்டவாளம், அச்சு இரண்டையும் சோதிக்க வேண்டும். இதற்கு லக்னோவில் உள்ள ரெயில்வே ஆராய்ச்சி நிலையம் பயிற்சி தருகிறது. ஒப்பந்தம் எடுக்கும் தனியார் கம்பெனிகளும் ஆள் எடுக்கின்றன.

பாய்லர்: திருச்சி திருவெறும்பூர் பக்கம் பாய்லர் வேலை அதிகம். வெல்டிங் பற்றின இடத்தில் உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எண்ணெய் ஆலை: மணலி ஆனாலும் அரபு நாடு ஆனாலும் வேலை ஒன்றுதான். குழாய் உள்ளே அரித்து எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும்போது இரவு பகலாக வேலை இருக்கும். அது முடிந்தால் அடுத்த அழைப்பு வரை சும்மாதான்.

கப்பல்: அடித்தகட்டின் கனம் குறைந்திருக்கிறதா என்று அளக்க வேண்டும்.

விமானத்துக்கும் அணுமின் நிலையத்துக்கும் தனிப் பயிற்சி வேண்டும். எக்ஸ்ரே சோதனையில் உள்ள கதிர்வீச்சு ஆபத்து இதில் இல்லை. பெற்றோருக்கு அது ஓர் ஆறுதல்.

மூன்று படிகள்

லெவல் 1 ஊழியர் மேற்பார்வையில் சோதிப்பார். லெவல் 2 ஆனவர் கருவியைச் சரிசெய்து, முடிவு சொல்லி, ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவார். எப்படிச் சோதிப்பது என்று வகுத்துக் கொடுப்பவர் லெவல் 3.

ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்தவர்கள் பலர் இதில் நுழைகிறார்கள். ஐ.எஸ்.ஓ. 9712 என்ற சர்வதேச விதிப்படி சான்றிதழ் 5 ஆண்டுக்குத்தான் செல்லும். கண் பார்வையை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும்.

உஷார்!

முதல் படிக்கே குறைந்தது 40 மணி நேர வகுப்பு வேண்டும். நாளைக்கு 8 மணி நேரம் படித்தாலும் 5 நாள் ஆகும். அதற்கு மேல் பல மாத அனுபவமும் வேண்டும். "3 நாளில் லெவல் 2, கையோடு துபாய் விசா" என்று யாராவது பணம் கேட்டால் அது மோசடிதான். சான்றிதழ் எந்த விதிப்படி தரப்படுகிறது, அனுபவத்தை யார் சரிபார்ப்பார்கள், ஏஜெண்டு அரசிடம் பதிவு பெற்றவரா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுவது நல்லது.

வேலை கிடைத்த பிறகும் சோதனை தீராது. "லேட்டாகுது தம்பி, ஓ.கே. போட்டுடு" என்று அவசரப்படுத்துவார்கள். திரையில் கோடு எழும்பினால் "முடியாது சார், இது ரிஜெக்ட்" என்று சொல்லும் தைரியம் வேண்டும். எந்தப் பயிற்சி நிலையமும் அதற்குச் சான்றிதழ் தருவதில்லை. ஆனால் அந்தக் கையெழுத்தை நம்பித்தான் தினமும் ரெயிலில் கூட்டம் ஏறுகிறது.