புண்ணைத் தருவதே மாத்திரையென்றால்?

வாயில் புண் வந்தால் நம் வீடுகளில் காரணம் தயாராக இருக்கும்: உடம்புச் சூடு. மணத்தக்காளிக் கீரை, மோர், பி காம்ப்ளெக்ஸ் என்று வைத்தியமும் தொடங்கிவிடும். இரண்டு வாரமாகியும் ஆறவில்லையென்றால் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்ப்பது நல்லது.

இதயநோயால் வரும் நெஞ்சுவலிக்குத் தரப்படும் நிகோராண்டில் ஓர் உதாரணம். இதைச் சாப்பிடுகிற சிலருக்கு நாக்கின் ஓரத்திலும் கன்னத்தின் உட்புறத்திலும் ஆழமான புண் வரும். குடலிலும் ஆசனவாயிலும்கூட வரலாம். எந்தக் களிம்புக்கும் மசியாது. மருத்துவர் மருந்தை நிறுத்திய பிறகுதான் மெல்ல ஆறும். முடக்குவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் இன்னும் ஆபத்தானது. வாரம் ஒருமுறை போட வேண்டிய அதைத் தவறிப்போய்த் தினமும் விழுங்கியவர்கள் உண்டு. அவர்களுக்கு வாய்ப்புண் வருவது, எலும்பு மஜ்ஜையே பாதிக்கப்படுகிறது என்பதற்கான எச்சரிக்கையாக இருக்கலாம்.

வயிற்றுக்கு வில்லன்கள், மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமலேயே கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள்: டைக்ளோபினாக், இபுப்ரோஃபென், ஆஸ்பிரின். உடலில் சுரக்கும் புரோஸ்டாகிளாண்டினை ஆஸ்பிரின் தடுப்பதாலேயே வலி குறைகிறது என்று 1971-இல் காட்டினார் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் வேன். 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சிக்கல் என்னவென்றால், இரைப்பையின் சவ்வை அமிலத்திலிருந்து காப்பதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான். வலி போகிறது, கூடவே காவலும் போகிறது. ‘சாப்பிட்ட பிறகு போட்டால் ஒன்றும் செய்யாது’ என்பது பாதி உண்மைகூட இல்லை. ஊசியாகப் போட்டாலும் ரத்தம் வழியே இதே வேலை நடக்கும்.

வயிற்றைக் காப்பாற்றுவதற்கென்றே வந்த வலி மாத்திரையான ரோஃபிகாக்சிப், மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2004 செப்டம்பரில் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

மாத்திரையால் வரும் உணவுக்குழாய்ப் புண்ணைத் தடுப்பது சுலபம். டாக்ஸிசைக்ளின் கேப்சூலை ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டுப் படுத்தால், அது வழியிலேயே ஒட்டிக்கொண்டு சவ்வை அரிக்கும். எலும்புத் தேய்வுக்கான அலெண்ட்ரோனேட்டும் அப்படித்தான். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும்.

வலி மாத்திரை சாப்பிடுகிறவருக்கு மலம் தார் போலக் கறுத்துப் போனால், வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசிவதாக இருக்கலாம்; உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும். ஆனால் எதனால் கறுத்தது என்று முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். பயந்துபோய் இதயத்துக்கான ஆஸ்பிரினைத் தானாக நிறுத்திவிடாதீர்கள். சாப்பிடுகிற மாத்திரை அட்டைகள் அத்தனையையும் பையில் போட்டு எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.