டைரியோடு வீடு மாறியவர்கள்

ரயில்வேயில் மாற்றல் உத்தரவு வந்தால் குடும்பத்துக்குப் பாஸ் உண்டு. தட்டுமுட்டுச் சாமான்களுக்குத் தனியாகக் 'கிட் பாஸ்' உண்டு. கட்டிலும் பீரோவும் எப்படியும் வந்து சேர்ந்துவிடும். பக்கத்து வீட்டாரை எந்தப் பாஸில் ஏற்றுவது? இன்டர்நெட்டில் டைரி எழுதிவந்த ஏராளமானோருக்கும் இதே கவலைதான் வந்தது.

டைரியை ஊரறிய எழுதுவதா என்று மூத்த வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். 1999-இல் பிராட் பிட்ஸ்பேட்ரிக் என்ற அமெரிக்க மாணவர், பள்ளித் தோழர்களுக்குத் தம் சேதி தெரியட்டும் என்று தொடங்கியதே 'லைவ்ஜர்னல்'. அதில் ஒரு பக்கத்தை எல்லோருக்கும் திறந்துவிடலாம். இன்னொன்றைப் பொறுக்கி எடுத்த நண்பர்களுக்கு மட்டும் காட்டலாம். வேறொன்றைத் தமக்கென்றே பூட்டி வைக்கலாம். வேலை போனது, தாயார் காலமானது என்று எழுதினால் கீழே நண்பர்கள் பதில் எழுதுவார்கள். நாளடைவில் டைரியைவிட அந்தப் பதில்களே பெரிய சொத்தாகிவிட்டன.

2005 ஜனவரியில் சிக்ஸ் அபார்ட் என்ற கம்பெனி அதை வாங்கிற்று. 2007 மே மாதம், சிறார் பாலியல் குற்றங்களைத் தடுப்பதாகச் சொல்லிச் சுமார் 500 கணக்குகளை ஒரேயடியாக நிறுத்தினார்கள். விருப்பப் பட்டியலில் இருந்த சொற்களை வைத்தே நடவடிக்கை. விளைவு? கொடுமையிலிருந்து மீண்டவர்கள் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொண்ட குழுக்களும், ஒரு நாவலை விவாதித்த குழுவும் அடிபட்டன. கம்பெனி மன்னிப்புக் கேட்டுப் பலவற்றைத் திருப்பித் தந்தது உண்மை. ஆனால், பெயர்களின் குறுக்கே கிழிக்கப்பட்டிருந்த கோட்டைப் பார்த்தவர்களுக்கு 'நாளை நம் பெயரோ' என்ற பயம் போகவில்லை. அதே டிசம்பரில் அது ரஷ்யாவின் சூப் கம்பெனிக்குக் கைமாறியது.

லைவ்ஜர்னலை இயக்கும் புரோகிராமை யாரும் எடுத்தாளலாம் என்று முன்பே திறந்து வைத்திருந்தார்கள். அதைக் கொண்டு பழைய ஊழியர்கள் இருவர் 2009-இல் 'டிரீம்வித்' தொடங்கினர். அதே பிளானில் இன்னொரு வீடு! விளம்பரம் கிடையாது; விரும்பியவர்கள் கட்டும் சந்தாவே வருமானம். பழைய டைரியை அப்படியே இறக்கிக்கொள்ளவும் வசதி செய்தார்கள். பதிவுகள் மட்டுமல்ல, பூட்டிய பக்கம் பூட்டியபடியே வந்தது. நண்பர்களின் பதில்களும் அவரவர் பெயரோடு வந்தன. காலமான நண்பர் என்றோ எழுதிய இரண்டு வரி இருந்தால் அதுவும் வந்தது. என்னைக் கேட்டால், பலரையும் மூட்டை கட்ட வைத்தது விளம்பரத் தொல்லையைவிட இந்த இரண்டு வரிதான்.

சோம்பலால் தங்கியவர்களையும் 2017 கிளப்பிவிட்டது. முந்தைய டிசம்பரில் கம்ப்யூட்டர்கள் ரஷ்யாவுக்குப் போயின. ஏப்ரலில் புதிய ஒப்பந்தம் வந்தது: ரஷ்யச் சட்டத்துக்கு உட்பட்டே எழுத வேண்டும்; ரஷ்ய மொழி வாசகமே செல்லும், ஆங்கில மொழிபெயர்ப்புக்குச் சட்ட மதிப்பு இல்லை. படிக்கத் தெரியாத தாளில் யார் கையெழுத்துப் போடுவார்? நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினும் 2018-இல் தம் குறிப்புகளைச் சொந்தத் தளத்துக்கு மாற்றிக்கொண்டார்.

பதில்கள் வந்தனவே தவிர, பதில் எழுதியவர்கள் எல்லோரும் வரவில்லை. சிலர் பேஸ்புக் பக்கம் போனார்கள். சிலர் எழுதுவதையே விட்டார்கள். அவர்களில் யாராவது என்றாவது தேடி வரக்கூடும் என்று, பழைய டைரியை அழிக்காமல் புது விலாசத்தை மட்டும் எழுதி வைத்துவிட்டுப் போனவர்களும் உண்டு.