முதலில் வசனம் கேட்கட்டும்

சண்டைக் காட்சி வந்தால் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. அடுத்த காட்சியில் அம்மா மகனிடம் என்ன சொன்னாள் என்பது யாருக்கும் விளங்கவில்லை. ஒருவர் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டுகிறார். பாட்டு தொடங்கியதும் அலறியடித்துக் குறைக்கிறார். ஹோம் தியேட்டர் வாங்கிய பல வீடுகளில் இதுதான் ஞாயிற்றுக்கிழமைக் கூத்து.

குற்றவாளி பெரும்பாலும் டி.வி.க்குக் கீழே ஒடுங்கிக் கிடக்கும் நடு ஸ்பீக்கர். 5.1 ஒலியில் வசனத்தின் பெரும்பகுதி அந்த ஒன்றிலிருந்துதான் வருகிறது. இடது, வலது இரண்டும் இசைக்கு, பின்னால் இருக்கும் இரண்டும் மழை, கூட்டம், ஹெலிகாப்டர் வகையறாவுக்கு, ‘.1’ என்பது சப்வூஃபர். ஆனால் பெட்டியோடு வரும் மலிவு செட்டுகளில் ஆளுயரக் கம்பங்கள் இரண்டைக் காட்டி மயக்கிவிட்டு, நடுவுக்கு சோப்பு டப்பா அளவில் ஒன்றை வைத்துவிடுகிறார்கள். பட்ஜெட் இறுக்கமென்றால் பின் ஸ்பீக்கர்களில் மிச்சம் பிடியுங்கள், நடுவில் பிடிக்காதீர்கள். முன்வரிசை மூன்றும் ஒரே கம்பெனியின் ஒரே சீரிஸாக இருப்பது நல்லது. இல்லையென்றால் இடமிருந்து வலம் ஓடும் காரின் குரல் நடுவழியில் மாறும். வாங்கியதை ஷோகேஸ் தட்டுக்குள் ஆழத் தள்ளாமல், முன்விளிம்புக்கு இழுத்து, காதைப் பார்க்கும்படி லேசாகச் சாய்த்து வையுங்கள்.

அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கும் ‘10,000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.’வை நம்பவே வேண்டாம். கேட்க வேண்டியது, தொடர்ந்து தரக்கூடிய சக்தியைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். கணக்கு. அதிலும் 50 வாட்டை 100 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். இரண்டு மடங்கு சத்தமெல்லாம் வராது. 87 டெசிபல் சென்சிட்டிவிட்டி (அதே சக்திக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) உள்ள ஸ்பீக்கருக்குப் பதில் 90 உள்ளதை எடுத்தால் அதே லாபம் ஆம்ப்ளிஃபயரை மாற்றாமலே கிடைத்துவிடும். கடைக்காரர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார்.

‘ஹெச்.டி. சவுண்ட்’ என்ற சொல்லில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். டால்பி ட்ரூஹெச்டி, டிடிஎஸ்-ஹெச்டி மாஸ்டர் ஆடியோ இரண்டும் ஸ்டுடியோவில் முடித்த ஒலியைத் துளி இழக்காமல் தருபவை. அவை கிடைப்பது ப்ளூ-ரே டிஸ்க்கில். ஓ.டி.டி.யில், தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் ‘அட்மாஸ்’ என்று முத்திரை மின்னினாலும் வருவது பொதுவாக டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற சுருக்கப்பட்ட வடிவம். மோசமில்லை, நன்றாகவே இருக்கும். டிஸ்க்கே வாங்காத வீட்டில் அதற்கு மேல் செலவழிப்பது வீண் என்பேன்.

டிஸ்க் பிரியர் என்றால் கேபிளைக் கவனியுங்கள். ஆப்டிகல் கேபிள் இந்த இழப்பில்லா ஒலியைத் தூக்காது, டி.வி.யின் பழைய ஹெச்.டி.எம்.ஐ. ஆர்க் போர்ட்டும் தூக்காது. அதன் புதிய வடிவமான இ-ஆர்க் வேண்டும். அதைவிட எளிய வழி, பிளேயரை நேராக, ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரில் செருகிவிட்டு, அங்கிருந்து படத்தை மட்டும் டி.வி.க்கு அனுப்புவது.

7.1 வேண்டுமா? நம் ஹால்களில் சோபா சுவரை ஒட்டிக் கிடக்கிறது. முதுகுக்குப் பின்னால் இடமே இல்லாதபோது அங்கே இன்னும் இரண்டு ஸ்பீக்கர் எதற்கு? ஐந்தே போதும். அதில் பின் ஸ்பீக்கர்கள் இரண்டும் பக்கவாட்டில், காதுக்குச் சற்றுப் பின்னால், உட்கார்ந்த தலைக்கு ஓரடி மேலே இருக்கட்டும். கூரையில் மோதித் திரும்பும் வகை அட்மாஸ் ஸ்பீக்கர்களுக்குச் சமதளமான கான்கிரீட் கூரை பாந்தமாக அமையும். ஓட்டு வீட்டிலும், மடிப்பு மடிப்பாக ஃபால்ஸ் சீலிங் போட்ட வீட்டிலும் அந்தக் காசு காற்றோடு போகும்.

சப்வூஃபர் வைக்க ஒரு விநோத வழி உண்டு. அதை சோபாவில் நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்துப் பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போங்கள். பாஸ் கொழகொழக்காமல் தெளிவாகக் கேட்கும் இடத்தில் பெட்டியை வையுங்கள். வீட்டில் சிரிப்பார்கள், ஆனால் பலிக்கும். டைல்ஸ் தரையும் வெறும் சுவருமான அறையில் எவ்வளவு விலைகொடுத்து வாங்கினாலும் ஒலி கலகலக்கும். தடித்த திரைச்சீலை, புத்தக அலமாரி, தரையில் விரிப்பு எல்லாம் கூர்மையான எதிரொலியைக் குறைக்கும். பாஸை அடக்க அவை போதாது.

சென்னை ரிச்சி தெருவோ பெரிய ஷோரூமோ, டெமோ கேட்கும்போது அவர்கள் போடும் ராக்கெட் காட்சியை நிறுத்தச் சொல்லுங்கள். உங்களுக்கு மனப்பாடமான படத்தில் இருவர் மெதுவாகப் பேசும் காட்சியை, குறைந்த சத்தத்தில் போடச் சொல்லிக் கேளுங்கள்.

ஸ்பீக்கர் வயரில் செம்பு முலாம் பூசிய அலுமினியமும் கடைகளில் விற்கிறது. இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். பத்துப் பதினைந்து அடி தூரத்துக்கு 16 கேஜ் சுத்தச் செம்பு தாராளம். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள், பூச்சு வேலைக்கு முன்பே டி.வி. சுவரிலிருந்து சோபா பக்கம் வரை ஒரு பைப்பைத் தனியாகப் போட்டு வைக்கச் சொல்லுங்கள். கரண்ட் வயர் போகும் பைப்போடு அதைச் சேர்க்க வேண்டாம்.