தாத்தாவின் கால்வலிக்கு மாத்திரைதான் காரணமா?

கடலூரிலோ சிதம்பரத்திலோ வசிக்கும் உங்கள் தாத்தா, தினமும் இரவில் ஒரு சிறிய மாத்திரையை விழுங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் பெயர் அட்டார்வாஸ்டாட்டின். இரத்தத்திலுள்ள கொலஸ்டிரால் என்ற கொழுப்புப் பொருளைக் குறைக்கும் மருந்து அது. "இதைச் சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து கெண்டைக்கால் வலிக்கிறது, இனி வேண்டாம்" என்று அவர் சொன்னால் நீங்கள் என்ன பதில் கூறுவீர்கள்?

மருந்து என்ன செய்கிறது?

இம்மருந்துக் குடும்பத்திற்கு ஸ்டாட்டின்கள் என்று பெயர். 1973-இல் ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ, ஒரு பூஞ்சையிலிருந்து இவற்றில் முதலாவதைக் கண்டெடுத்தார். கல்லீரலில் கொலஸ்டிரால் உருவாக உதவும் ஒரு நொதியை ஸ்டாட்டின் தடுக்கிறது. உற்பத்தி குறைந்ததும், கல்லீரல் தனக்கு வேண்டியதை இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது. இதனால் இரத்தக் குழாய்களில் கொழுப்புப் படிவது குறைகிறது. மாரடைப்பு அபாயமும் குறைகிறது. தமிழக அரசு 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், மாரடைப்பு அறிகுறியுடன் வருபவருக்கு உடனடியாகத் தரப்படும் மாத்திரைகளில் அட்டார்வாஸ்டாட்டினும் ஒன்று.

தசைக்குத் தீங்கு உண்டா?

உண்டு. மிக அரிதாகத் தசை நார்கள் சிதைந்து, சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். செரிவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் இக்காரணத்தால் 2001-இல் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. ஆனால் சாதாரண வலிக்கு வேறு காரணங்களும் உண்டு. வயலில் நாள் முழுவதும் நடவு செய்தாலும், கடலூருக்குப் பஸ்ஸில் நின்றபடியே போய் வந்தாலும் கால் வலிக்குமல்லவா? தைராய்டு குறைவும் வைட்டமின் டி குறைவும்கூடத் தசை வலி தரும்.

இதை எப்படிப் பிரித்தறிவது? லண்டனில் நடந்து 2020-இல் வெளியான ஒரு சோதனையைப் பாருங்கள். தொல்லை தாங்காமல் ஸ்டாட்டினை நிறுத்திவிட்ட 60 பேருக்கு, மாதத்திற்கு ஒன்றாக 12 புட்டிகள் கொடுத்தார்கள். 4 புட்டிகளில் ஸ்டாட்டின், 4-இல் மருந்தில்லாத போலி மாத்திரை, 4 காலி. அவர்கள் தினமும் தங்கள் தொல்லைக்கு 100-க்கு மதிப்பெண் போட்டார்கள். சராசரி என்ன தெரியுமா? காலிப் புட்டி மாதங்களில் 8. போலி மாத்திரைக்கு 15.4, ஸ்டாட்டினுக்கு 16.3!

வலி உண்மையானதே, அவர்கள் நடிக்கவில்லை. ஆனால் அதில் பெரும்பங்கை உண்டாக்கியது, 'மாத்திரை தொல்லை தரும்' என்ற எதிர்பார்ப்பு. இதற்கு 'நோசிபோ விளைவு' என்று பெயர். முடிவைக் கண்ட பிறகு பாதிப்பேர் மீண்டும் மருந்தைத் தொடங்கினர். 2022-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோது, முதல் ஆண்டில் மருந்தினாலேயே கூடுதலாகத் தசைத் தொல்லை கண்டவர்கள் ஆயிரத்துக்குச் சுமார் 11 பேர்தான்.

நீங்கள் செய்யக்கூடியது

ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். தேதி, வலிக்கும் இடம், வலியின் அளவு, அன்று செய்த வேலை, சாப்பிட்ட மற்ற மருந்துகள் ஆகியவற்றைத் தாத்தாவிடம் கேட்டு எழுதுங்கள். சில ஆன்டிபயாடிக்குகளும் பூஞ்சைக்கொல்லி மருந்துகளும் ஸ்டாட்டினோடு சேர்ந்தால் தீங்கு கூடும்.

அந்தக் குறிப்பைக் கடலூர் அரசு மருத்துவமனையிலோ, சிதம்பரம் அண்ணாமலை நகர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். தசை சிதைந்தால் இரத்தத்தில் கூடும் 'கிரியேட்டின் கைனேஸ்' என்ற நொதியை அவர் அளந்து பார்ப்பார். அளவைக் குறைக்கலாம், வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றலாம், எஸெடிமைப் போன்ற வேறு வகை மருந்தும் தரலாம்.

கடும் வலியோடு தசை பலவீனமோ, கறுத்த தேநீர் நிறச் சிறுநீரோ கண்டால் மட்டும் காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மற்றபடி, டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. கால்வலி தன் வரவைச் சொல்லிவிடும். இரத்தக் குழாயில் படியும் கொழுப்போ சத்தமின்றி வளரும்.